மைக் எடுக்கவில்லையா? ஃபார்மட் அடிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர்கள், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இயங்குதளமான லினக்ஸ் தெரியாமல் பிழைக்க முடியாது. கேரள அரசுப் பள்ளிகளில் கைட் என்ற அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம், லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தயாரித்த இயங்குதளம்தான் ஓடுகிறது. நம் தமிழ் மீடியம் பிள்ளைகளும் அதில்தான் படிக்கிறார்கள். பள்ளியில் பார்த்ததையே வீட்டிலும் போட்டுக்கொடுங்கள் என்று கேட்கும் பெற்றோர் நிறையப் பேர்.

அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு: "மைக் எடுக்க மாட்டேங்குதுங்க. பாட்டு நல்லாக் கேக்குது, பேசுனா மட்டும் பதிவாக மாட்டேங்குது." இதற்குப் பலரும் சொல்லும் வைத்தியம், "லினக்ஸ்னா அப்படித்தான், விண்டோஸ் போட்டுருங்க." ஃபார்மட் அடித்ததில் பிள்ளையின் பிராஜெக்ட், குடும்பப் படம் எல்லாம் போய், மைக் மட்டும் அப்படியே ஊமையாக இருக்கும் லேப்டாப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அங்கே கோளாறு ஜாக்கில், அதாவது மைக்கைச் செருகும் ஓட்டையில், இருந்தது.

மைக்கின் சத்தம் மூன்று கை மாறித்தான் பதிவாகிறது. முதலில் இயங்குதளத்தின் மையமான கர்னல், அதன் ஒலிப் பகுதியான ஆல்சா வழியாக, கருவியைக் கண்டுகொள்ள வேண்டும். அடுத்து, சத்தத்தை மென்பொருள்களுக்குப் பகிர்ந்து தரும் பல்ஸ்ஆடியோ அல்லது பைப்வயர் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, நீங்கள் திறந்திருக்கும் மென்பொருள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். எந்தக் கையில் நின்றுபோனது என்று தெரியாமல் எதையும் அழிக்காதீர்கள்.

முதல் கையைப் பார்க்க, கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினல் வேண்டும். போனில் நான் இப்படிச் சொல்வேன்: ரெக்கார்ட் என்ற சொல்லுக்கு முன்னால் ஒட்டி ஒரு ஏ, ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, ஒரு எல். எல்லாம் சிறிய எழுத்து. என்டர் தட்டினால் பதிவு செய்யக்கூடிய கருவிகளின் பட்டியல் வரும். அதில் கார்டு 0, கார்டு 1 என்று ஏதாவது தெரிந்தால் கர்னல் வேலையை முடித்துவிட்டது, கோளாறு அடுத்த இரண்டு கைகளில் அல்லது செருகிய மைக்கில் இருக்கிறது. பட்டியலே காலி என்றால் மட்டும் டிரைவர், ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்), வன்பொருள் பக்கம் போக வேண்டும்.

ஆனால் ஒன்று. பட்டியல் கருவியைக் காட்டுகிறது என்பதால் ஜாக்கில் செருகிய மைக் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. அது காட்டுவது சவுண்டு கார்டைத்தான். இந்த ஊரில் அதிகம் பார்க்கும் சிக்கல் இங்கேதான். கடையில் வாங்கும் காலர் மைக் பெரும்பாலும் போனுக்கானது. அதன் செருகுமுனையில் மூன்று கறுப்பு வளையங்கள், நான்கு தொடுமுனைகள் இருக்கும்; மைக் சத்தம் அடிமுனையில் வரும். டெஸ்க்டாப்பின் பிங்க் ஓட்டையோ நுனியில்தான் மைக்கை எதிர்பார்க்கும், அடிமுனை அதற்கு எர்த். செருகினால் மைக் நேராக எர்த்தில் ஷார்ட் ஆகி, ஒரு சத்தமும் வராது. பச்சை, பிங்க் என இரண்டு முனையாகப் பிரியும் ஸ்பிளிட்டர் கேபிள் ஒன்று போதும். லேப்டாப்பில் ஒற்றை ஓட்டைதான் இருக்கிறது என்றால் கதை தலைகீழ்: பழைய பிங்க் பின் மைக்கை அதில் நேராகச் செருகினால் எடுக்காது. டெஸ்க்டாப்பின் முன்பக்க ஜாக் மட்டும் வேலை செய்யாவிட்டால் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆடியோ கேபிளை மதர்போர்டில் மாட்டாமலே விட்டிருப்பார்கள்.

காலிப் பட்டியல் அதிகம் வருவது புது இன்டெல் லேப்டாப்புகளில். உள்ளேயே இருக்கும் டிஜிட்டல் மைக்குக்கு சவுண்டு ஓபன் ஃபர்ம்வேர் என்ற தனிக் கோப்பு வேண்டும். லினக்ஸின் இன்னொரு வகையான டெபியனின் பழைய பதிப்பைப் போட்டிருந்தால் அது இருக்காது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல்தான் இப்படிப்பட்ட ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் ஊடகத்திலேயே சேர்த்துத் தருகிறார்கள். ஒரு பென்டிரைவில் புது உபுண்டுவை ஏற்றி, நிறுவாமல் 'டிரை' செய்து பாருங்கள். அதில் மைக் எடுத்தால் வன்பொருள் நன்றாக இருக்கிறது, உங்கள் கர்னலும் ஃபர்ம்வேரும் தான் பழசு. விண்டோஸும் சேர்ந்து இருக்கும் மெஷின் என்றால், ரீஸ்டார்ட் போதாது. முழுதாக அணைத்துப் போடுங்கள். விண்டோஸ் விட்டுப்போன நிலையிலேயே சவுண்டு சிப் சிக்கிக்கொள்வது உண்டு.

இரண்டாவது கையில் பெரும்பாலும் புரொஃபைல், அதாவது சவுண்டு கார்டை எந்த முறையில் ஓட்டுவது என்ற அமைப்புதான் குற்றவாளி. பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோலை நிறுவி, கான்ஃபிகரேஷன் தாவலைத் திறங்கள். அங்கே வெறும் 'அவுட்புட்' என்று இருந்தால் பாட்டு கேட்கும், மைக் பட்டியலிலேயே வராது. 'டூப்ளெக்ஸ்' என்று மாற்றுங்கள். புளூடூத் ஹெட்செட்டும் இப்படித்தான்: நல்ல ஸ்டீரியோவுக்கான ஏ2டிபி ஒருவழிப் பாதை, மைக் வேண்டுமானால் ஹெட்செட் புரொஃபைலுக்கு மாற வேண்டும். மாறினால் பாட்டின் தரம் இறங்கும். அது கோளாறு இல்லை. அப்புறம் டெர்மினலில் ஆல்சாமிக்சர் திறந்து, எஃப்6-இல் கார்டைத் தேர்ந்தெடுத்து, எஃப்4 அழுத்தி, கேப்சர் எரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்பேஸ் பட்டன். மைக் பூஸ்டை ஏற்றாதீர்கள், இரைச்சல்தான் கூடும். கீபோர்டில் மைக் படம் போட்ட பட்டனில் சிவப்பு விளக்கு எரிந்தால்... சரி, அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது கை, மென்பொருள். பள்ளி வேலைக்கு எல்லோரும் திறக்கும் ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டி, தான் திறக்கும் நேரத்தில் இருந்த கருவிகளை மட்டுமே பட்டியலில் வைத்துக்கொள்ளும். பிறகு செருகிய யூ.எஸ்.பி. மைக் அதில் வராது. 'ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்' கொடுங்கள், அல்லது மூடித் திறங்கள். ஸ்னாப் என்ற நிறுவல் முறை வழியாக நிறுவிய ஆடாசிட்டிக்குப் பதிவு செய்யும் அனுமதியைத் தனியாகத் தர வேண்டியிருக்கும். அது தெரியாமல் நாள் முழுக்க டிரைவர் தேடுகிறார்கள். மீட்டிங்குக்கு பிரவுசர் அனுமதி கேட்கும்போது பிள்ளைகள் அவசரத்தில் 'பிளாக்' அழுத்திவிடுவதும் உண்டு. முகவரிப் பட்டையில் இருக்கும் சின்னப் படத்தைத் தட்டினால் மாற்றலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஜாக் பேசாவிட்டால், அதைச் சுரண்டிக்கொண்டிருப்பதைவிட மலிவான யூ.எஸ்.பி. சவுண்டு அடாப்டர் ஒன்று வாங்குவதே லாபம். அநேகமாக எல்லாம் தனி டிரைவர் கேட்காமல் லினக்ஸில் ஓடும். கடைக்கு வருவதாக இருந்தால் லேப்டாப்பை மட்டும் தூக்கி வராமல், தகராறு செய்யும் மைக்கையும் கையோடு எடுத்து வாருங்கள்.