தில்லி–டோக்கியோ: டிக்கெட்டில் தெரியும் நேரமும் வானில் கழியும் நேரமும்

பயண முகவராக நான் பார்த்தவரை, டிக்கெட்டில் பலரும் தவறாகப் படிப்பது நேரத்தைத்தான். ஒரு குளிர்காலத்தில் வந்த முதியவர், டோக்கியோவில் காலை 11.30-க்குக் கிளம்பித் தில்லியில் மாலை 5.45-க்கு இறங்கும் டிக்கெட்டை மேசைமேல் விரித்து, ஆறேகால் மணி நேரம்தானே என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். சர்க்கரை மாத்திரையையும் சாப்பாட்டையும் அந்தக் கணக்கில்தான் பிரித்து வைத்திருந்தார். உண்மையில் அது ஒன்பதே முக்கால் மணி நேரப் பயணம். போகும் பயணமோ இரவு 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 7.30-க்கு முடிவதால் பதினொன்றரை மணி நேரம் என்று மலைத்திருந்தார். அது எட்டு மணி நேரமே.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். டோக்கியோவின் கடிகாரம் தில்லியைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. எனவே போகும்போது அதைக் கழிக்கவும் திரும்பும்போது கூட்டவும் வேண்டும். கோடையில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இரு நாடுகளிலும் இல்லை என்பதால் ஆண்டு முழுதும் இதே கணக்குதான். மாத்திரை வேளையை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளச் சொல்லி அவரை அனுப்பினேன்.

அப்படியானால் திரும்பும் பயணம் ஏன் நீள்கிறது? நேர்க்கோட்டில் தொலைவு ஏறத்தாழ 5,850 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வகுத்தால் ஆறரை மணி நேரம். ஆனால் அந்தக் கோடு திபெத் பீடபூமிக்கு மேலே செல்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் சுமார் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும், அங்கோ நிலமே அதைவிட உயரம். ஆகவே விமானங்கள் பெரும்பாலும் தெற்கே வளைந்து செல்கின்றன. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் டிக்கெட் கணக்கில் சேரும்.

இவற்றையெல்லாம் விஞ்சுவது காற்று. ஏறக்குறைய 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மிகக் கடுமையாக இருக்கும். மணிக்கு 200 கிலோமீட்டர் காற்று என்றால், போகும் விமானம் அந்தப் பகுதியில் நிலத்தைப் பொறுத்து 1,100 கிலோமீட்டர் வேகத்திலும் திரும்பும் விமானம் 700 கிலோமீட்டர் வேகத்திலும் செல்லும். 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றை அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர். அவர் தம் முடிவுகளை, உலகப் பொதுமொழியாகச் செயற்கையாக உருவாக்கப்பட்டுச் சிலரே அறிந்த எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டதால் வெளியுலகம் நெடுநாள் கவனிக்கவில்லை.

குளிர்காலத்தில் எதிர்காற்று வலுத்தால் தில்லிக்கு வரும் விமானம் தாமதமாகலாம். டிசம்பர், ஜனவரி மூடுபனியும் அதோடு சேர்ந்துகொள்ளும். அங்கிருந்து உள்நாட்டு விமானத்துக்குத் தனி டிக்கெட் எடுத்திருப்பவர்கள் குடிவரவு, சுங்கம் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருப்பதால், அந்த மாதங்களில் நான்கு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி வைத்து நான் பதிவு செய்வதில்லை.