கேட்டில் போய் முடியும் கோடுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். திரை உடைந்தது, சார்ஜ் ஏறாதது என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். போன மாதம் ஒரு அக்கா, ஸ்மார்ட் கைக்கடிகாரம் போனோடு சேரமாட்டேன் என்கிறது என்று கொண்டுவந்தார். இங்கே நடக்கும் காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்துக்காக விடியற்காலை ஐந்து மணிக்கே ஓடப் போகிறவர். சேர்த்துவிட்டு, சரியாகப் பதிகிறதா என்று ஓட்டச் செயலியைத் திறந்தேன். வரைபடம் முழுக்க ஆரஞ்சுக் கோடுகள், நாளுக்கொரு தெரு, நாளுக்கொரு மேடு, ஆனால் அத்தனையும் ஒரே வீட்டு கேட்டில் தொடங்கி அதே கேட்டில் போய் முடிகின்றன. பக்கத்திலேயே அவர் பெயர், படம், கிளம்பிய நேரம். யார் பார்க்கலாம் என்ற இடத்தில் ‘எல்லோரும்’ என்று இருந்தது.

“எங்க கிளப்காரங்க மட்டும்தான் பார்ப்பாங்கன்னு நினைச்சேன்” என்றார். முகம் வாடிவிட்டது.

போனுக்கு இடம் தெரிவதில் தப்பே இல்லை. வானத்தில் நாலு செயற்கைக்கோளாவது கிடைத்தால் திறந்த வெளியில் சில மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும், வீட்டுக்குள் போனால் சுற்றியுள்ள வைஃபையையும் செல்போன் கோபுரங்களையும் வைத்துக் கணக்குப் போடும், நடக்கிறோமா வண்டியில் போகிறோமா என்பதை அசைவு உணரி கண்டுபிடிக்கும். அந்தப் புள்ளியோடு பெயரும், நண்பர் வட்டமும், தினசரி நேரமும் சேருகிற இடத்தில்தான் எனக்குப் பயம் வருகிறது. பெயரே இல்லாவிட்டாலும் போதும் என்பதை ஸ்ட்ராவா என்ற ஓட்டச் செயலி காட்டிவிட்டது. பயன்படுத்துகிறவர்கள் ஓடிய பாதைகளைச் சேர்த்து 2017 நவம்பரில் அந்த நிறுவனம் வெளியிட்ட உலக வரைபடத்தில் யார் பெயரும் கிடையாது, ஆனால் ஆப்கானிஸ்தான், சிரியா பாலைவனங்களில் ராணுவ முகாம்களைச் சுற்றி வீரர்கள் ஓடிய பாதைகள் பளிச்சென்று தெரிந்தன. 2018 ஜனவரியில் அதைக் கவனித்துச் சொன்னவர் ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர்.

அதற்காக எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். 2022 ஏப்ரலில் டர்பனைச் சுற்றி வந்த வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்களே, அன்று ராத்திரி என் தம்பி வண்டியோடு வழியில் மாட்டிக்கொண்டான். வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பிய நேரலை இடத்தைப் பார்த்தபடிதான் அம்மா விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அதில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று நேரம் குறிக்கலாம், முடிந்ததும் தானே நின்றுவிடும். இன்னாருக்கு, இவ்வளவு நேரத்துக்கு என்று நாமே முடிவு செய்கிறோம். எனக்கு இந்த முறை பிடிக்கும்.

காவடிக்குக் கோயிலுக்குப் போனால் படத்தை இடத்தோடு அங்கிருந்தே போடுகிறோம், வீட்டில் யாருமில்லை என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிறது. திரும்பி வந்து போடுங்களேன். அப்புறம், கேமராவுக்குக் கொடுத்திருக்கும் இட அனுமதியையும் ஒருமுறை பாருங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் உள்ளே பதிந்த இடக்குறிப்பு போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே கூடப் போகும்.

அந்த அக்காவின் செயலியில் தொடக்கமும் முடிவும் தெரியாதபடி மறைத்து, பார்ப்பவர்களை நண்பர்கள் மட்டும் என்று மாற்றினோம். ஆனால் அது இனி ஓடுவதற்குத்தான் பொருந்தியது. பழைய ஓட்டங்கள் அப்படியே எல்லோருக்கும் தெரிந்தன. கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினார், இரண்டு வருட ஓட்டம், மதியம் தாண்டிவிட்டது.