உங்கள் காருக்கு மொத்தம் எத்தனை சாவி?

கடைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். "ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு தொலைஞ்சு போச்சு" என்பார்கள். சரி, அது உங்கள் வீட்டுக் கணக்கு. வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் எத்தனை சாவியை நம் வீட்டுச் சாவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது? இதற்குப் பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

சேலம் ஐந்து ரோடு பக்கம் கார் சாவி வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கும் இதே தொழில்தான். செவ்வாய்ப்பேட்டையில் தெருவோரம் குடை விரித்து உட்கார்ந்து, அரத்தால் ராவி ராவிச் சாவி போட்டவர். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யாராவது சோப்புக் கட்டியில் சாவியின் அச்சை எடுத்துக்கொண்டு வந்தால் எத்தனை ரூபாய் நீட்டினாலும் தொடமாட்டார். "பூட்டைக் கொண்டா, இல்ல சாவியைக் கொண்டா" என்பார். நேராகச் சாவியைக் கொண்டுவர முடியாதவனுக்குத்தானே சோப்பு தேவைப்படும்?

இன்றைக்கு அந்தச் சோப்பு வேறு உருவத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளச் சாவிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். கைப்பிடிப் பகுதியில் அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு சிப் இருக்கும். அதற்கு பேட்டரி கிடையாது. நீங்கள் சாவியைத் திருகும் இடத்தைச் சுற்றி ஒரு செப்புக் கம்பிச் சுருள் உண்டு. அதிலிருந்து வரும் அலையில்தான் (பல வண்டிகளில் 125 கிலோஹெர்ட்ஸ்) சிப்புக்கு உயிர் வந்து, தன் அடையாளத்தைச் சொல்லும். வண்டியின் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பட்டியலில் அந்தச் சாவி இருந்தால் இன்ஜின் ஓடும். இல்லையென்றால் இம்மொபிலைசர் என்னும் திருட்டுத் தடுப்பு அமைப்பு விடாது, டேஷ்போர்டில் சாவி படமோ பூட்டு படமோ மினுக்கிக்கொண்டிருக்கும். ஆக, இரும்பை வெட்டுவது பாதி வேலை. அந்தப் பட்டியலில் பேர் சேர்ப்பதுதான் மீதி. எங்கள் பாஷையில் கோடிங்.

சேர்க்கத் தெரிந்தவன் இன்னொன்றைக் கூடுதலாகவும் சேர்க்கலாம். கவலை அங்கேதான்.

ஏற்காட்டு ஏரிக்கரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, மதுரையிலிருந்து வந்த குடும்பம். படகில் போய்விட்டு இறங்கினால் சாவியைக் காணோம். போன் வந்ததும் சாவி வெட்டும் மெஷினையும் கோடிங் ஸ்கேனரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போனேன். குழந்தைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கின்றன, அந்த அம்மா பஜ்ஜிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து கணவரை முறைத்துக்கொண்டிருக்கிறார். ஆர்.சி. புத்தகம் கேட்டேன். வண்டி அவர் மச்சான் பேரில் இருந்தது.

"நான் ஓட்டிட்டு வந்ததை இத்தனை பேர் பாத்திருக்காங்களேண்ணே" என்றார். சுற்றி நின்றவர்களும் ஆமாம் போட்டார்கள். வண்டியை ஓட்டி வருவது ஒன்று, வண்டி அவருடையது என்பது வேறொன்று. மச்சானுக்கு வீடியோ கால் போடச் சொன்னேன். டிஜிலாக்கரில் இருக்கும் ஆர்.சி.யையும் அவருடைய அடையாள அட்டையையும் காட்டச் சொன்னேன். போனில் முகம் தெரிந்ததும் மச்சான் கேட்ட முதல் கேள்வி, "எங்கடா தொலைச்ச?" உண்மையைச் சொன்னால், ஆர்.சி.யைவிட அந்த ஒரு அதட்டலில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இப்படிக் கேட்டால் கோபப்படுபவர்கள் நிறைய. நான் சொல்வது நேர் எதிர். எதையும் கேட்காமல் "இதோ வர்றேன் சார்" என்று கிளம்பி வருபவரைக் கண்டுதான் நீங்கள் பயப்பட வேண்டும். உங்களைக் கேட்காதவர், நாளைக்கு உங்கள் வண்டிப் பக்கத்தில் நிற்கும் இன்னொருவரையும் கேட்கமாட்டார். கேட்டால் கொடுங்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் ஆர்.சி.யையும் ஆதாரையும் முகம் தெரியாத நம்பருக்கு முன்கூட்டியே அனுப்பாதீர்கள், நேரில் காட்டினால் போதும். அப்படியே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், நகலின் குறுக்கே "சாவி போட மட்டும்" என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள்.

அப்புறம் அந்த மதுரைக்காரரோடு அடுத்த தகராறு. "சாவி ஏரிக்குள்ள போயிடுச்சு, பழசை எதுக்கு அழிக்கணும்? புதுசை மட்டும் சேருங்க" என்றார். ஏரியில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை. பஜ்ஜிக் கடையில் விழுந்திருக்கலாம், பார்க்கிங்கில் விழுந்திருக்கலாம். நம்பர் பிளேட்டைப் பார்த்து வைத்திருக்கிற யாராவது எடுத்திருக்கலாம். தொலைந்த சாவி பட்டியலில் இருக்கும்வரை அது செல்லும் சாவிதான்.

அழிப்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பல வண்டிகளில் ஒரு சாவியை மட்டும் தனியாக அழிக்க முடியாது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அந்த நேரத்தில் கையில் இருப்பவற்றை மட்டும்தான் மறுபடி பதிய முடியும். மதுரை வீட்டில் பீரோவில் இருக்கும் ஸ்பேர் சாவியும் அன்றோடு வேலை செய்யாது. இதை அவரிடம் இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினார். மலையில் பேட்டரி சோர்ந்து போயிருந்தது. கோடிங் நடுவில் வோல்ட் இறங்கினால் வண்டியின் கம்ப்யூட்டரே படுத்துவிடும், அதனால் என் வண்டியிலிருந்து பேட்டரிக்கு ஒயர் கொடுத்து வைத்துக்கொண்டு வேலையை முடித்தேன். கடைசியில் ஸ்கேனரைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். பதிவான சாவி: 1.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது இந்த எண்ணைத்தான். பெரும்பாலான வண்டிகளில் ஸ்கேனர் அதைக் காட்டும். வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை. கொண்டலாம்பட்டியில் ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிக்கு ஸ்பேர் சாவி போட வந்தார். கையில் 1 சாவி. ஸ்கேனர் காட்டியது 4. முன்னால் வைத்திருந்தவர் டிரைவருக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று போட்டிருக்கலாம், தப்பாக எதுவும் இல்லாமலே இருக்கலாம். இருந்தாலும் அந்த மூன்றும் இப்போது யார் கையில் என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் துடைத்து, இரண்டை மட்டும் பதிந்து அனுப்பினேன். பழைய வண்டி வாங்கினால் பேர் மாற்றிய கையோடு இதையும் செய்துவிடுங்கள்.

எண்ணிக்கையில் சிக்காத ஒரு வழியும் உண்டு. சில பழைய ரகச் சிப்பை அப்படியே நகல் எடுத்துவிடலாம். வண்டிக்கு அது புதுச் சாவி என்றே தெரியாது, எண்ணிக்கை ஏறாது. இந்தச் சிப்புகள் உடைக்கவே முடியாதவை என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 2005-லேயே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், 40 பிட் ரகசியக் குறி கொண்ட ஒரு பிரபலமான சிப்பை உடைத்துக் காட்டிவிட்டார்கள். அதனால் உங்களுக்குப் போட்டது நகல் சாவியா, தனியாகப் பதிந்த சாவியா என்று கேளுங்கள். நகல் மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் பின்னால் மூலச் சாவி தொலைந்து அதை அழிக்கும்போது நகலும் சேர்ந்தே செத்துப்போகும்.

சிப்பை அழித்தாலும் இரும்பு இரும்புதான். தொலைந்த சாவி இன்ஜினை ஓட்டாது, கதவைத் திறக்கும். உள்ளே லேப்டாப் பையோ வீட்டுச் சாவியோ வைக்கும் பழக்கம் இருந்தால், கதவுப் பூட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் சின்னத் தகடுகளை மாற்றி அடுக்கிப் புது வெட்டுக்குச் சாவி போட்டுக்கொள்ளலாம். அதற்கு நேரமும் காசும் கூடுதலாகும். எல்லோருக்கும் அது தேவை என்று சொல்லமாட்டேன்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழில் ஆரம்பித்த புதிதில், போட்டு முடித்த ஒவ்வொரு சாவியையும் வண்டியின் முன்னால் பிடித்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பேன். விளம்பரம்தானே! ஒரு கஸ்டமர் கூப்பிட்டு, "தம்பி, என் நம்பர் பிளேட்டும் சாவிப் பல்லும் ஒரே படத்துல இருக்கு" என்றார். அப்போதுதான் உறைத்தது. பற்களின் ஆழத்தைப் போட்டோவில் பார்த்தே வெட்டத் தெரிந்த தொழில்காரன் நான், அதை நானே ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பா மறுத்த சோப்பு இதுதான், நான் இலவசமாகக் கொடுத்தேன். அன்றே எல்லாவற்றையும் அழித்தேன். புதுக் கார் டெலிவரி எடுக்கும்போது சாவியை நீட்டிப் பிடித்துப் படம் போடுபவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். புதுச் சாவியோடு சின்னத் தகட்டில் ஓர் எண் வரும், அதையும் கொத்திலேயே மாட்டி வைத்துக்கொண்டு சுற்றாதீர்கள். அந்த எண் இருந்தால் சாவியைப் பார்க்காமலே வெட்டலாம். கழற்றி பீரோவில் வையுங்கள்.

ஸ்கேனர் மாட்டும் 16 பின் போர்ட் டிரைவர் முழங்கால் பக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் வண்டியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். வாட்டர் வாஷுக்கோ ஆக்டிங் டிரைவரிடமோ கொடுக்கும்போது கார் சாவியை மட்டும் கொடுங்கள், வீட்டுச் சாவிக் கொத்தோடு வேண்டாம். புஷ் ஸ்டார்ட் வண்டி வைத்திருப்பவர்கள் சாவியை வாசல் பக்கத்து ஆணியில் மாட்டாதீர்கள். சாவியின் அலையை வாசலில் ஒருவன் பிடித்து, வண்டிப் பக்கத்தில் நிற்பவனுக்குக் கடத்திக் கதவைத் திறக்கும் திருட்டு வெளிநாடுகளில் நிறைய நடந்திருக்கிறது. நம்ம ஊர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடலாம். ஆனால் டப்பாவோடு வண்டிப் பக்கத்தில் போய்க் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். திறந்தால் அந்த டப்பா புளி வைக்கத்தான் லாயக்கு.

காப்பீட்டு விஷயம் பலருக்கும் தெரியாது. வண்டி திருடுபோய் கிளெய்ம் கேட்டால், இரண்டு சாவியையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒன்று தொலைந்திருந்தால் ஏன் என்று கேள்வி வரும். அதனால் தொலைந்த உடனே போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, சாவி போட்ட பில்லோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

மதுரைக்காரர் ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே போன் செய்தார். "ஸ்பேர் சாவி வேலை செய்யலயே, என்னய்யா பண்ணி வச்சிருக்க?" ஏற்காட்டில் இரண்டு தடவை சொன்னதை மூன்றாம் தடவை சொன்னேன். அடுத்த மாதம் பெங்களூரு போகும் வழியில் கடைக்கு வந்தார். சாவி பீரோவில் இல்லையாம், வாங்கிய நாளிலிருந்து பூஜை அறையில் இருந்திருக்கிறது. கைப்பிடி முழுக்க மஞ்சள், இடுக்கெல்லாம் குங்குமம். கோடிங் சட்டென்று முடிந்துவிட்டது. குங்குமத்தைப் பிரஷ் போட்டு எடுக்கத்தான் அரை மணி நேரம் ஆயிற்று.