டேக் டீம்: தொட்டால்தான் ஆள் மாறலாம்

மல்யுத்தச் செய்திகளைத் தமிழாக்கும்போது 'டேக் டீம்' என்பதைக் 'குறிச்சொல் அணி' என்று போட்டுவிடுகிறார்கள். இது தவறு, அதுவும் சொல்லின் உயிரையே எடுத்துவிடுகிற தவறு. சட்டையில் தொங்கும் விலைச்சீட்டும் டேக்தான், பதிவின் கீழே போடும் குறிச்சொல்லும் டேக்தான், ஆனால் மல்யுத்தத்தில் இருக்கும் டேக் வேறு. ஓடிப்பிடித்து விளையாடும் குழந்தை இன்னொரு குழந்தையைத் தொட்டு 'இனி நீதான்' என்று மாற்றிவிடுகிறதே, அந்தத் தொடுதலுக்குத்தான் ஆங்கிலத்தில் டேக் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்த விளையாட்டுப் பெயர் எழுத்தில் இருக்கிறது.

மல்யுத்தத்தில் இது எப்படி நடக்கிறது? ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர், ஆனால் மேடையில் மோத உரிமை உள்ளவர் ஒருவர் மட்டும்தான். மற்றவர் மூலையில், கயிறுகளுக்கு வெளியே நிற்க வேண்டும், கூட்டாளியின் கை தன் மேல் பட்டால்தான் உள்ளே வரலாம். முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஆட்டம்தான், ஆனாலும் அடிபட்டுக் கிடப்பவர் தன் மூலையை நோக்கி ஊர்ந்து ஊர்ந்து வரும்போது அரங்கமே எழுந்து நிற்பது அந்த ஒரு தொடுதலுக்காகத்தான்.

கனடாவின் கால்கரியில் 1957இல் பிறந்த மல்யுத்த வீரர் பிரெட் ஹார்ட்டைப் பலரும் தனி ஆட்டக்காரராகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள், ஆனால் டபிள்யூ டபிள்யூ எஃப் என்ற மல்யுத்த நிறுவனத்தில் (இன்றைய டபிள்யூ டபிள்யூ ஈ) அவர் பெயர் வாங்கியது டேக் டீமில். 1985இல் தன் அக்காள் கணவர் ஜிம் நைட்ஹார்ட்டோடு 'ஹார்ட் ஃபவுண்டேஷன்' இணையாகச் சேர்ந்தார். நைட்ஹார்ட் எதிராளியை அப்படியே கட்டித் தூக்கிப் பிடிக்க, பிரெட் கயிற்றில் மோதித் திரும்பி ஓடிவந்து கையால் அடித்துச் சாய்ப்பார். ஒருவரிடம் பலம், இன்னொருவரிடம் வேகமும் நுணுக்கமும்.

அவர்கள் பட்டம் வென்ற இரண்டு ஆட்டங்களையும் பார்த்தால் இந்தச் சொல் முழுதாகப் புரியும். 1987 ஜனவரியில் எதிரே இருந்தது பிரிட்டிஷ் புல்டாக்ஸ், அதாவது டைனமைட் கிட், டேவி பாய் ஸ்மித் இணை. அதில் டைனமைட் கிட் முதுகுக் காயத்தால் நடக்கவே முடியாமல் கூட்டாளியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார், ஆட்டம் தொடங்கியதும் வெளியே விழுந்தவர் அப்படியே கிடந்தார். டேவி பாய் ஸ்மித் தனியாக மோதினார், தொட்டு மாற மூலையில் ஆள் இல்லை. 1990 ஆகஸ்டில் ஃபிலடெல்பியாவில் நடந்தது வேறு கதை. எதிரணியான டெமாலிஷனின் மூன்றாவது ஆள் மேடைக்கு அடியில் ஒளிந்திருந்து, தொடாமலேயே ஆள் மாறிக்கொண்டார். அந்த ஏமாற்று வெளிப்பட்ட பிறகுதான் ஹார்ட் ஃபவுண்டேஷன் வென்றது. தொடாமல் மாறினால் அது டேக் இல்லை, மோசடி.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? டென்னிஸ் மாதிரி 'இரட்டையர்' என்கிறார்கள் சிலர். டென்னிஸில் இருவரும் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள், இங்கே ஒருவர் காத்திருக்கிறார், அந்தக் காத்திருப்பில்தான் சுவையே இருக்கிறது. 'கைமாற்று' பொருத்தமாகத் தெரிந்தாலும் அது வட்டியில்லாமல் வாங்கும் சில்லறைக் கடனுக்குப் போய்விட்ட சொல். நான் பயன்படுத்துவது 'தொடுமாற்று'. தொடுதிரை எல்லோர் வாயிலும் வந்துவிட்டதே, அதே 'தொடு'தான். இருவர் என்றால் தொடுமாற்று இணை. மூன்று பேருக்கு மூன்று பேர் மோதும் ஆட்டங்களும் உண்டு என்பதால் பொதுவாகச் சொல்ல தொடுமாற்று அணி.

அணி என்று மட்டும் எழுதி 'தொடுமாற்று' என்பதை விட்டுவிடக் கூடாது. 1997இல் பிரெட் மறுபடியும் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற பெயரில் தம்பி ஓவன், நைட்ஹார்ட், டேவி பாய் ஸ்மித், பிரையன் பில்மன் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு வந்தார். அது ஐந்து பேர் கூட்டணி, முதலில் இருந்ததோ இருவர் இணை. பெயர் ஒன்றுதான் என்பதால் இரண்டையும் 'ஹார்ட் அணி' என்றே எழுதினால் படிப்பவருக்கு 1987இல் பட்டம் வென்றது யார் என்றே தெரியாமல் போகும்.