தன்னீளம்: ‘ப்ராப்பர் லெங்த்’துக்கு எது பொருத்தமான தமிழ்?

நீளமும் நேரமும் அளப்பவரின் வேகத்தைப் பொறுத்து மாறும் என்று சொல்லும் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலில் வரும் ‘ப்ராப்பர் லெங்த்’ என்பதைப் பார்த்ததும் ‘சரியான நீளம்’, ‘முறையான நீளம்’ என்று எழுதக் கை போகும். வம்பு அங்கேதான். ஒருவர் அளந்ததைச் ‘சரி’ என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் அளந்தது தப்பு என்று ஆகிவிடுமே! சார்பியல் அப்படிச் சொல்லவே இல்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனின் ‘ப்ரோப்ரியுஸ்’. அதற்குப் பொருள் ‘தனக்கே உரிய’. ஜெர்மன் மொழியில் குழப்பத்துக்கே இடமில்லை. ‘ஐகன்’ என்றால் சொந்த. கணிதவியலாளர் மின்கோவ்ஸ்கி, ஒரு பொருளோடு போகும் கடிகாரம் காட்டும் நேரத்துக்கு 1908இல் வைத்த பெயர் ‘ஐகன்ட்சைட்’, அதாவது தன் நேரம். அதே வழியில் தன் + நீளம் = தன்னீளம். தன்னலம், தன்னிலை எல்லாம் இப்படிப் புணர்ந்தவைதானே. ஒரு பொருள் அசையாமல் நிற்பதாகக் காண்பவர் அளக்கும் அதன் நீளம் இது. ‘ஓய்வு நீளம்’ என்றாலும் பிழையில்லை.

ஒரு கம்பியின் தன்னீளம் 10 மீட்டர். அது ஒளியின் வேகத்தில் 60 விழுக்காட்டு வேகத்தில் உங்களைக் கடக்கிறது. ஓடுகிற கம்பியை அளக்க, அதன் இரு முனைகளும் எங்கே இருக்கின்றன என்று ஒரே கணத்தில் குறிக்க வேண்டும். முன்முனையை இப்போதும் பின்முனையைச் சற்றுக் கழித்தும் குறித்தால் அது நீளமே ஆகாது. ஒழுங்காகக் குறித்தால் 8 மீட்டர் வரும். கம்பி நசுங்கவில்லை, உங்களுடைய ‘ஒரே கணம்’ கம்பியோடு போகிறவருக்கு ஒரே கணம் அல்ல, அவ்வளவுதான். யார் அளந்தாலும் தன்னீளத்தைத் தாண்டாது.

அப்புறம் ‘ப்ராப்பர் டிஸ்டன்ஸ்’. இது பொருளுக்கு உரியதல்ல, இரண்டு நிகழ்வுகளுக்கு இடைப்பட்டது. அவை ஒரே கணத்தில் நடப்பதாகக் காண்பவர் அளக்கும் தொலைவு. இலக்கணப்படி புணர்த்தினால் ‘தற்றொலைவு’. நாக்கு சுளுக்கும் என்பதால் ‘தன் தொலைவு’ என்று பிரித்தே எழுதுகிறேன். கம்பியோடு போகிறவருடைய கணக்கில் அதன் இரு முனைகளிலும் ஒரே கணத்தில் விளக்கு மின்னுகிறது என்று வையுங்கள். அந்த இரு மின்னல்களுக்கும் தன் தொலைவு 10 மீட்டர். உங்களுக்கோ ஒன்று முந்தி, ஒன்று பிந்தி. இடையில் கம்பி நகர்ந்துவிடுவதால் 12.5 மீட்டர் வரும். ஒரு பொருளுக்குப் பலர் அளக்கும் நீளங்களில் தன்னீளம்தான் மிகப் பெரியது, இரு நிகழ்வுகளுக்கு இடையே பலர் அளக்கும் தொலைவுகளில் தன் தொலைவுதான் மிகச் சிறியது. இரண்டையும் ‘சரியான’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.