கிளிப்பிங் மாஸ்க் என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது?

பொங்கல் நெருங்கிவிட்டால் மும்பை தாராவியின் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) கடைகளுக்கு ஒரு வேலை தவறாமல் வரும். ‘பொங்கல்’ என்று பெரிதாக எழுதி, அந்த எழுத்துக்குள்ளே 90 அடி சாலையில் வரிசையாகப் பொங்கும் பானைகளின் போட்டோ தெரிய வேண்டும், எழுத்துக்கு வெளியே வெள்ளையாக இருக்க வேண்டும். “பவர் கிளிப் பண்ணிடலாம்ணே” என்பார் கடைத் தம்பி. அது கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் இருக்கிற பெயர். போட்டோஷாப்பில் பழகியவர் இதையே கிளிப்பிங் மாஸ்க் என்பார். செய்கிற வேலை ஒன்றுதான்.

இந்தப் பெயரைத் தமிழாக்கும்போது பலரும் ‘முகமூடி’யை எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

மாஸ்க் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்த சொல். பிரெஞ்சுக்கு இத்தாலிய மொழியின் ‘மாஸ்கெரா’விலிருந்து போனது. அதற்கும் பின்னால் இருப்பது அரபியின் ‘மஸ்கரா’, அதாவது கோமாளி, என்று சிலர் சொல்கிறார்கள், சூனியக்காரி, பேய் என்ற பொருளில் இடைக்கால லத்தீனில் வழங்கிய ‘மாஸ்கா’தான் என்று வேறு சிலர் சொல்கிறார்கள், வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் மும்பையில் இருக்கிற நமக்கு அந்த அரபுச் சொல் அந்நியமே இல்லை, மராத்திக்காரர்கள் நாளெல்லாம் சொல்லும் ‘மஸ்கரி’, அதாவது கேலி, அதிலிருந்து வந்ததுதான்.

சரி, முகத்தில் மாட்டுவது எப்படிப் படவேலைக்கு வந்தது? அச்சுக்கூடம் வழியாக. கணினி வருவதற்கு முன் ஆஃப்செட் வேலையில் ரூபிலித் என்ற சிவப்புப் படலத்தைக் கத்தியால் வெட்டி, ஒளி படக் கூடாத இடத்தின் மேல் வைப்பார்கள். அந்த வேலைக்குப் பயன்பட்ட ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் சிவப்பு இருந்த இடமெல்லாம் அதற்குக் கறுப்பு மாதிரி, ஒளி புகாது. அந்தப் படலத்துக்குத்தான் மாஸ்க் என்று பெயர். போட்டோஷாப்பில் குவிக் மாஸ்க்கைத் தட்டினால் படத்தின் மேல் சிவப்புச் சாயம் படர்கிறதே, அது இந்த ரூபிலித்தின் மிச்சம். ஆக, இங்கே மாஸ்க்கின் வேலை மறைப்பது. முகமும் இல்லை, வேடமும் இல்லை. ‘மறைப்பு’ என்றாலே போதும். ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற படத் தாள்கள்தான் லேயர், அதாவது அடுக்கு; லேயர் மாஸ்க் அடுக்கு மறைப்பு ஆகிவிடும். “மறைப்பு போடு” என்று பேச்சிலும் இடறாமல் வரும்.

அடுத்து கிளிப். ஆங்கிலத்தில் இரண்டு கிளிப் உண்டு. காகிதத்தைக் கவ்வும் கிளிப், அணைத்தல் என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கிளிப், வட ஐரோப்பியப் பழைய நார்ஸ் மொழியின் ‘கிளிப்பா’விலிருந்து வந்தது. நம்முடையது இரண்டாவது: எல்லைக்கு வெளியே போவதை வெட்டிவிடுவது. அதனால் ‘கவ்வி’, ‘பிடிப்பு’ இரண்டும் பொருந்தாது. ‘கத்தரி மறைப்பு’ என்றால் பொருள் சரிதான், ஆனால் கேட்டதும் கத்தரிக்காய் வந்து நிற்கும். நான் ‘வெட்டு மறைப்பு’ என்றே எழுதுகிறேன். செய்து முடித்த எழுத்துக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், ‘படம் நிறைத்த எழுத்து’ என்றால் யாருக்கும் புரியும்.

ஒன்றைக் கவனியுங்கள், உண்மையில் எதுவும் வெட்டுப்படுவதில்லை. துளை போட்ட கோல அச்சின் மேல் மாவைத் தூவுகிற மாதிரிதான். மாவு எல்லா இடத்திலும் விழுகிறது, துளை இருக்கும் இடத்தில் மட்டும் தரையில் தெரிகிறது. போட்டோ முழுசாக அப்படியே இருந்துகொண்டே இருக்கும், நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம்.

போட்டோஷாப்பில் எழுத்து அடுக்கு கீழே, போட்டோ அடுக்கு அதற்கு நேர் மேலே. ஆல்ட் விசையை அழுத்தியபடி இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டில் கிளிக் செய்தால் முடிந்தது. கன்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதேதான். போட்டோ அடுக்கு கொஞ்சம் உள்வாங்கி, கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி வரும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் இது தலைகீழ்: வெட்டும் உருவம் மேலே, படம் கீழே, கன்ட்ரோலும் 7உம். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறுவது இதனால்தான். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் எழுத்தின் ஆல்ஃபாவை (எங்கே ஒளி ஊடுருவும், எங்கே ஊடுருவாது என்ற தகவலை) தேர்வாக, அதாவது செலக்‌ஷனாக, மாற்றி, அந்தத் தேர்விலிருந்து போட்டோவுக்கு ஓர் அடுக்கு மறைப்பு போட்டால் அதே பலன். டைப் மாஸ்க் டூல் என்று போட்டோஷாப்பில் தனியாக ஒன்று இருக்கிறது, அது தேர்வை மட்டும் தரும், பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. அழைப்பிதழ் வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

தமிழுக்கென்று இரண்டு தொல்லை உண்டு, இரண்டும் ‘பொங்கல்’ என்ற ஒரே சொல்லில் வந்துவிடும். போட்டோஷாப் பழைய பதிப்பாக இருந்தால் ‘பொ’ உடையும்: கொம்பு பகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொள்ளும். பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புதுக் கோப்பு திறந்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று புள்ளி. ங், ல் இரண்டின் தலையிலும் புள்ளி இருக்கிறது. போட்டோவின் மேல்பக்கம் பெரும்பாலும் வெளிறிய வானம்தான். வெள்ளைப் பின்னணியில் புள்ளிக்குள் வெளிறிய வானம் வந்தால் புள்ளியே காணாமல் போய், ‘பொஙகல’ என்று அச்சாகும். போட்டோவை மேலே இழுத்து, பானையோ புடவையோ புள்ளிக்குள் வருகிற மாதிரி வையுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் எழுத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று கொடுங்கள். எழுத்துரு தடிமனாக இல்லாவிட்டால் இந்த வேலையையே எடுக்காதீர்கள், மெலிந்த எழுத்துக்குள் பானை என்ன, பானையின் நிழல்கூடத் தெரியாது. மும்பை ஏக் டைப் குழுவினர் வெளியிட்ட பலூ தம்பி என்ற எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது, அதன் தடித்த வடிவம் இதற்கு நன்றாகப் பொருந்தும்.