புள்ளியைப் பிடிப்பது சுலபம், இனம் காண்பதுதான் பாடு

சூப்பர்நோவா என்பது ஒரு விண்மீன் வெடித்துச் சாவது. ஒரு கேலக்ஸியில் சராசரியாக நூறு ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு சூப்பர்நோவாதான் வெடிக்கிறது. நம் பால்வெளியில் வெடித்த ஒன்று வெறும் கண்ணுக்குத் தெரிந்தது கடைசியாக 1604இல். நானூறு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது, அடுத்தது இன்னும் வரவில்லை. ஆனாலும் இன்றைக்கு வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் சூப்பர்நோவாக்கள் பதிவாகின்றன. ஒரே கேலக்ஸியைப் பார்த்துக் காத்திருந்தால் ஆயுள் போதாது. பத்தாயிரம் கேலக்ஸிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் வருடத்துக்கு நூறாவது சிக்கும். வானத்தைச் சல்லடை போட்டுத் தேடும் திட்டங்கள் எல்லாம் இந்தக் கணக்கை நம்பித்தான் நடக்கின்றன.

ஆந்திராவின் குப்பம் ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளில் இரவு வானம் காட்டும்போது இதைச் சொன்னால், பிள்ளைகளிடமிருந்து உடனே வரும் கேள்வி: "அத்தனை கேலக்ஸியையும் யார் சார் உட்கார்ந்து பார்க்கிறது?"

முதலில் ஆட்கள்தான் பார்த்தார்கள். 1934இல் வானியலாளர்கள் வால்டர் பாடேயும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும் சூப்பர்நோவாக்களை, அவற்றைவிடச் சிறிய வெடிப்புகளான சாதாரண நோவாக்களிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். ஒரு விண்மீன் நியூட்ரான் விண்மீனாகச் சுருங்கும்போது நடப்பதே இந்த வெடிப்பு என்றும் துணிந்து சொன்னார்கள். நியூட்ரான் என்ற துகளே கண்டுபிடிக்கப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது! 1936இல் கலிஃபோர்னியாவின் பாலமார் மலையில் ஒரு 18 அங்குலத் தொலைநோக்கி வந்ததும் ஸ்விக்கி அதில் படமெடுத்து, பழைய தகட்டையும் புதிய தகட்டையும் ஒப்பிட்டுத் தேட ஆரம்பித்தார். வாழ்நாளில் அவர் கண்டுபிடித்தவை 120க்கு மேல். ஆஸ்திரேலியாவில் ராபர்ட் எவன்ஸ் என்ற பாதிரியார் படம்கூட எடுக்கவில்லை. நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளின் தோற்றத்தை மனப்பாடம் செய்துகொண்டு, தொலைநோக்கியில் கண் வைத்தே 40க்கு மேல் கண்டுபிடித்தார். எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. அடிப்படை என்னவோ வார இதழ்களில் வரும் ‘ஆறு வித்தியாசங்கள்’ புதிர்தான். வானத்தின் ஒவ்வொரு துண்டுக்கும், பல இரவுகளில் எடுத்த படங்களை ஒன்றுசேர்த்து ஒரு மூலப்படம் தயாராக இருக்கும். இன்றிரவு எடுத்த படத்திலிருந்து அதைக் கழித்தால், மாறாத விண்மீன்களும் கேலக்ஸிகளும் மறைந்து, புதிதாக வந்தது மட்டும் மிஞ்ச வேண்டும். சொல்லும்போது சுலபம்தான். புதிரில் இரண்டு படமும் ஒரே அச்சில் வந்தவை, வானத்தில் அப்படிக் கிடையாது. காற்று அலையும் இரவில் விண்மீன்கள் பரவித் தெரியும். அமைதியான இரவில் கூர்மையாக இருக்கும். மங்கலான படத்திலிருந்து கூர்மையான படத்தை அப்படியே கழித்தால், ஒவ்வொரு விண்மீன் இருந்த இடத்திலும் நடுவில் கறுப்புக் குழியும் சுற்றிலும் வெள்ளை வளையமுமாக லட்சக்கணக்கில் போலிப் புள்ளிகள் முளைத்துவிடும். அதனால் கூர்மையான படத்தைக் கணக்காக மங்கலாக்கி, இரண்டையும் ஒரே பரவலுக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் கழிக்கிறார்கள். இந்த ஒரு படிதான் மொத்தத் தேடலுக்கும் உயிர் என்பேன்.

ஸ்விக்கியின் பெயரிலேயே 2018 முதல் பாலமாரில் நடக்கும் இசட்டிஎஃப் (ஸ்விக்கி டிரான்சியன்ட் ஃபெசிலிட்டி) தேடலை எடுத்துக்கொள்வோம். 48 அங்குலத் தொலைநோக்கி. அதன் கேமரா ஒரே சொடுக்கில் 47 சதுர டிகிரி வானத்தைப் படமெடுக்கிறது. இருநூறு முழுநிலவுகளுக்கு மேல் அடங்கும் பரப்பு அது. ஒரு படத்துக்கு 30 வினாடி. அங்கிருந்து தெரியும் வடவானத்தை இரண்டு மூன்று இரவுகளில் சுற்றி முடித்துவிடும். அது அனுப்பும் அறிவிப்பு ஒவ்வொன்றிலும் மூன்று சின்னச் சதுரப் படங்கள் இருக்கும், பக்கத்துக்கு 63 படப்புள்ளிகள். முதல் படத்தில் மங்கலான நீள்வட்டமாக ஒரு கேலக்ஸி, அதன் ஓரத்தில் ஒரு பொட்டு. இரண்டாவதில் அதே நீள்வட்டம், பொட்டு இல்லை. மூன்றாவது கழித்து வந்த படம்: வெறும் சாம்பல் பரப்பு, நடுவில் பொட்டு மட்டும்.

பொட்டு வந்துவிட்டாலே சூப்பர்நோவா என்று சொல்லிவிட முடியாது. விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் துகளான காஸ்மிக் கதிர் ஒன்று கேமராவில் மோதினாலும் பொட்டு விழும். செயற்கைக்கோள் மினுங்கினாலும் விழும். சிறுகோள் என்றால் அரை மணி கழித்து எடுத்த படத்தில் இடம் மாறியிருக்கும், அதைக் கழித்துவிடலாம். கேலக்ஸியின் நட்டநடுவில் இருந்தால் அங்குள்ள பெரும் கருந்துளையின் வேலையாக இருக்கலாம். இந்தப் போலிகளைப் பிரிக்க, மனிதர்கள் சரிபார்த்த ஆயிரக்கணக்கான படங்களைக் கொடுத்துக் கணினிக்குப் பழக்கியிருக்கிறார்கள். தேறி வருபவை பன்னாட்டுப் பதிவேட்டில் ‘ஏடி’ என்ற முன்னெழுத்தோடு ஏறும். ஏதோ ஒன்று தெரிந்தது, இன்னதென்று உறுதியில்லை என்று பொருள். இனம் உறுதியானால்தான் ‘எஸ்என்’.

அந்த ‘எஸ்என்’ கிடைக்க நிறமாலை வேண்டும். வந்த ஒளியை வானவில்லாகப் பிரித்து, எந்த நிறத்தில் எவ்வளவு குறைகிறது என்று அளக்க வேண்டும். 1941இல் ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி வகுத்த பிரிவுதான் இன்றும் அடித்தளம்: ஹைட்ரஜனின் அடையாளமான கோடு நிறமாலையில் தெரியாவிட்டால் முதல் வகை, தெரிந்தால் இரண்டாம் வகை. முதல் வகையில் சிலிக்கான் பளிச்சென்று தெரிந்தால் 1-ஏ, சிலிக்கான் இல்லாமல் ஹீலியம் தெரிந்தால் 1-பி, இரண்டுமே இல்லாவிட்டால் 1-சி.

1-ஏ நிறமாலையில் கண் முதலில் தேடுவது 615 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கத்தில் உள்ள ஒரு பள்ளத்தை. அது சிலிக்கானுடைய கோடு. ஆனால் அசையாமல் இருக்கும் சிலிக்கான் அந்தக் கோட்டை 635.5இல் போடும். ஏறக்குறைய 20 நானோமீட்டர் நீலப் பக்கம் தள்ளிப்போயிருக்கிறது என்றால், அந்த வாயு நம்மை நோக்கி வருகிறது. 635.5இல் 20 என்பது சுமார் 3 சதவீதம். ஒளியின் வேகத்தில் 3 சதவீதம் நொடிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர்! ஒரு பள்ளத்தின் இடத்தை மட்டும் பார்த்து, கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் சிதறும் பொருளின் வேகத்தைச் சொல்லிவிடுகிறோம். எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

பெயர்கள் ஏட்டுச் சுரைக்காய் போலத் தோன்றலாம். உண்மையில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு சாவு இருக்கிறது. 1-ஏ என்பது வெண்குறுமீனின், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின், சாவு. துணை விண்மீனிடமிருந்து பொருளை இழுத்தோ, இன்னொரு வெண்குறுமீனோடு சேர்ந்தோ, அணுக்கரு எரிப்பு தறிகெட்டு ஓடி முழுவதுமாகச் சிதறுகிறது. வெண்குறுமீன் தாங்கக்கூடிய எடைக்கு வரம்பு உண்டு, அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்ற கணக்கின் தொடக்கம், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த 19 வயது தமிழ்ப் பையன் சுப்பிரமணியன் சந்திரசேகர் போட்டது. மற்ற வகைகள் பெரும்பாலும் சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் கனமான விண்மீன்களின் மையம் இடிந்து விழுவதால் வருபவை. மேலே ஹைட்ரஜன் போர்வை மிச்சமிருந்தால் இரண்டாம் வகை. அதை முன்னமே இழந்திருந்தால் 1-பி. ஹீலியமும் போயிருந்தால் 1-சி.

ஒளி ஏறி இறங்கும் விதமும் துப்புக் கொடுக்கும். 1-ஏ இருபது நாளுக்குள் உச்சம் தொட்டு இறங்கும். அதற்கு ஒளி கொடுப்பது வெடிப்பில் உண்டான நிக்கல்-56 என்ற கதிரியக்க நிக்கல். அது கோபால்ட்டாகவும் பிறகு இரும்பாகவும் சிதைகிறது. ஹைட்ரஜன் நிறைய உள்ள இரண்டாம் வகையோ நூறு நாள் போல ஒரே மட்டத்தில் நின்று, அப்புறம் சட்டென்று விழும்.

வகை பிழைத்தால் என்ன கெட்டுப்போகும்? 1-ஏ சூப்பர்நோவாக்களின் உண்மைப் பிரகாசத்தை அவை மங்கும் வேகத்தை வைத்துக் கணக்கிடலாம், அதிலிருந்து தூரம் கிடைக்கும். பிரபஞ்சம் மேலும் மேலும் வேகமாக விரிகிறது என்று 1998இல் தெரியவந்ததும், அதற்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்ததும் இந்த வழியில்தான். அந்தக் கணக்கில் 1-சி ஒன்று மாறி நுழைந்தால் தூரம் தப்பும்.

சிக்கல் இங்கேதான். படமெடுக்க 30 வினாடி போதும். நிறமாலைக்கு அதே ஒளியை நூற்றுக்கணக்கான நிறத்துண்டுகளாகப் பிரிக்க வேண்டியிருப்பதால், ஒரே புள்ளியைப் பல நிமிடங்கள், சில நேரம் மணிக்கணக்கில், தொலைநோக்கி விடாமல் பார்க்க வேண்டும். இசட்டிஎஃப் 2024இல் 10,000 சூப்பர்நோவாக்களை வகைப்படுத்தி முடித்தது பெரிய சாதனை. ஆனால் பதிவேட்டில் ஏறும் புள்ளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் நிறமாலை கிடைக்கிறது. சிலியில் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகத்தில் 8.4 மீட்டர் கண்ணாடியும் 3,200 மெகாபிக்சல் கேமராவும் இருக்கின்றன. ஓர் இரவுக்கு 1 கோடி அறிவிப்புகள் வரை வரலாம் என்பது திட்டக் கணக்கு. அவற்றில் பெரும்பாலானவற்றை ஒளி ஏறி இறங்கும் விதத்தை வைத்தே கணினி இனம் பிரிக்க வேண்டியிருக்கும். தேடும் கருவிக்குச் செலவழிக்கும் அக்கறையை நிறமாலை எடுக்கும் கருவிக்கும் காட்ட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அதற்கு மாபெரும் கண்ணாடிதான் வேண்டும் என்பதும் இல்லை. 2023 மே 19 அன்று ஜப்பானின் கோயிச்சி இடாகாகி, 2.1 கோடி ஒளியாண்டு தூரத்து எம்101 கேலக்ஸியில் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டார். அதே நாளில் அதை இரண்டாம் வகை என்று சொன்னது ஸ்பெயினின் லா பால்மா தீவிலுள்ள 2 மீட்டர் தொலைநோக்கி. சீக்கிரம் பார்த்ததால், விண்மீன் சாவதற்கு முன் உமிழ்ந்த வாயுவின் மெல்லிய கோடுகளும் சிக்கின. சில நாட்களில் அவை மறைந்துவிட்டன.

அந்த அளவில் ஒரு தொலைநோக்கி நம் பக்கத்திலேயே இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர், அங்கே 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் நிற்கிறது. மறு வருடம் பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்துச் சின்னக் கேலக்ஸியில் சூப்பர்நோவா 1987ஏ வெடித்தபோது காவலூரிலிருந்தும் அதைப் பதிவு செய்தார்கள். அது தென்வானத்தில் வெகு கீழே உள்ள இடம். இங்கிருந்து தொடுவானத்துக்கு மேல் எட்டு டிகிரிதான் ஏறும். அந்த வெடிப்பின் நியூட்ரினோக்கள், எதையும் எளிதில் ஊடுருவிப்போகும் மிகச் சிறிய துகள்கள், ஒளிக்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பானில் சிக்கியிருந்தன. மையம் இடிந்து விழும் வெடிப்பில் ஆற்றலில் 99 சதவீதம் நியூட்ரினோவாகத்தான் போகிறது. காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாகும் வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்டவற்றில் ஒன்று 1965இல் கோலார் தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தில் நடந்த சோதனை என்பதை, தாத்தா காலத்தில் அங்கே வேலைக்குப் போன குடும்பங்கள் நிறைந்த எங்கள் பக்கத்தில் பலருக்குச் சொல்லவே ஆளில்லை.

தேட விரும்புகிறவர்களுக்கு ஒன்று. ஆயிரத்துக்கு மேல் கேலக்ஸிகள் கொண்ட கன்னிக் கொத்து, சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஸ்விக்கி முதன்முதலில் ஒரு சின்னக் கேமராவை வைத்துத் தேடியது அந்தத் திசையில்தான். குப்பமும் காவலூரும் 12 அரை டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருப்பதால் அந்தக் கொத்து நம் தலைக்கு நேர் மேலே கடக்கிறது. பங்குனியில், மேகம் குறைந்த நாட்களில், நள்ளிரவு வாக்கில் அது உச்சியில் நிற்கும். காற்றின் தடிமன் மிகக் குறைவாக இருக்கும் இடம் அதுவே. பன்னாட்டுப் பதிவேடு யாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்தே கிடக்கிறது. புதிய ‘ஏடி’ ஏதாவது அந்தப் பகுதியில் 14ஆம் ஒளித்தரத்துக்குள் (எண் குறையக் குறையப் பிரகாசம் அதிகம்) ஏறியிருந்தால், 8 அங்குலத் தொலைநோக்கியும் ஒரு கேமராவும் உள்ள கல்லூரி மாணவர்கள் மொட்டைமாடியிலிருந்தே அதன் ஒளியை இரவுக்கு இரவு அளந்து வரலாம்.